சுடுபக்கத்துச் சந்தனமேரி

மீனவர் சங்கத்து டிவிக்குள் வேலை பார்க்கும் சந்தனமேரிக்கு நேர்ந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும்.

முதலாவது, சுவரிலிருந்து வரும் மின்சாரம் முழுவதையும் அவள் தலையில் கட்டினார்கள். கண் இமைப்பதற்குள் பல்லாயிரம் தடவை கேட்டைத் திறந்து மூடி, அதைப் பொடிப்பொடியாக நறுக்க வேண்டும். அப்படி நறுக்கினால்தான் சின்ன டிரான்ஸ்பார்மர் அதை அந்தப் பக்கம் சேர்க்கும். மொத்தமாகக் கொடுத்தால் அதற்கு ஆட்டுக்கல் போல உடம்பு வேண்டும்.

இரண்டாவது, அவள் இருந்தது சுவர் மின்சாரம் நேராகப் பாயும், தொட்டால் ஆளை அடிக்கும் சுடுபக்கம்; படம் தெரிவது குளிர்பக்கம். நடுவே ஒரு கம்பிகூடக் கடக்கக் கூடாது.

மூன்றாவது, குளிர்பக்கத்தில் வந்து சேரும் கரண்டை அளந்து பார்க்கும் பொன்னுலிங்கம் அங்கிருந்து விளக்குக் காட்டுவான். விளக்கு பிரகாசித்தால் குறை, மங்கினால் கூட்டு. பதில் சொல்ல அவளுக்கு விளக்குக் கிடையாது.

நான்காவது, ரிமோட்டில் அணைத்த பிறகும் ஒரு சிவப்புப் புள்ளிக்குச் சோறு போட வேண்டும். அதற்கு ஓய்வு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஐந்தாவது, படம் வருவதும் போவதுமாக இருந்தபோது, மெக்கானிக் லூர்து வந்து அவளைப் பிடுங்கப் போவதாகச் சொன்னது.

லூர்து பிளக்கை உருவினான். அவள் பக்கத்துத் தொட்டியில் மின்சாரம் நிறைந்து கிடந்தது. குண்டு பல்பு மாட்டி அது வடியும்வரை கைவைக்கக் கூடாது என்பது தொழில் வழக்கம். பேச்சுவார்த்தைக்கு உரிய நேரம் அதுதான்.

“என்னையப் பிடுங்கிட்டா படம் வந்துருமா, அண்ணே?”

“கேட்டு சரியில்லன்னா வாட்ச்மேனத்தானே மாத்தணும்.”

“விளக்கு ஆடுன மாதிரிதான் கேட்டும் ஆடிச்சு. அந்தப் பக்கம் கரண்டைச் சேத்து வைக்கிற டப்பாவுக்கு வயிறு உப்பியிருக்கான்னு பாருங்க.”

“நீ அங்க எப்பம் போன?”

“போக விட்டியளா? நடுங்குற விளக்கப் பாத்தா பின்னால பட்டினி கெடக்குன்னு தெரியாதாக்கும்!”

லூர்து எட்டிப் பார்த்தான். டப்பாவின் தலை பணியாரம்போல் எழும்பியிருந்தது.

“அவ மேல குத்தமில்ல,” என்றான் பொன்னுலிங்கம். “வாயத் தொறந்தா எனக்கும் இதே கதின்னு இருந்துட்டேன்.”

புது டப்பா வந்தது. பிளக்கைச் செருகினார்கள். தொட்டி நிரம்பியது. சந்தனமேரி கேட்டைத் திறக்கவில்லை.

சங்கத் தலைவர் மிக்கேல் பர்னாந்து டிவியருகே குனிந்தார். “இன்னும் என்னட்டி வேணும்?”

“படத்துல குடை பிடிச்சவன் பேருகூட ஓடுது. எம்பேர நாலு பேரு முன்னால வாசிக்கணும்.”

“நியாயம்தான். நியூஸ் வாசிக்கிற பிள்ளை வாசிக்கும். மொதல்ல படத்தக் கொடு.”

முதலில் வேலை, பிறகு பேச்சு என்று சொன்ன எவனும் பிறகு பேசியதில்லை. அது அவளுக்குத் தெரியும். அதே நேரம் கேட்டைத் திறக்காவிட்டால் வாசிக்க ஆளில்லை. அவள் கேட்டை மயிரிழை அளவு திறந்தாள். குரலுக்குப் போதும், படத்துக்குப் பற்றாது.

இருட்டுத் திரைக்குள் நியூஸ் வாசிக்கும் பெண் தொண்டையைச் செருமினாள். “சாட்சி யாரு?”

படம் பார்க்க வந்து பெஞ்சில் இருந்தவர்கள் கை தூக்கினார்கள். போதாது என்றாள் அந்தப் பெண். சங்கத்துக்கு வெளியே நின்ற தெருவிளக்குகள் இரண்டும் தலை குனிந்து வாசல் நுழைந்து, பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தன. பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

அந்தப் பெண் நிறுத்தி நிதானமாக வாசித்தாள்:

“கேட்டைத் திறந்து மூடுபவர், சூசை மகள் சந்தனமேரி.”