துளிர்விட்ட பிளாண்ட்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையின் புகைபோக்கி சித்திரை மாதத்தில் துளிர்விட்டது. முதலில் இரண்டே இலைகள், பூவரசு இலை மாதிரி, தொட்டால் சுடும். ஆடிக்குள் உச்சியெல்லாம் கிளை. காற்றில்லாதபோதும் இலைகள் சலசலத்ததால் ஷிப்டில் யாராலும் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. முதலாளி ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். ஆலையை மூடிவிட்டு ஆந்திராவுக்குப் போவதென்று முடிவெடுத்தார்.

கிரேன் ஓட்டும் சுகிர்தா அன்றிலிருந்து வேறு வேலை தேடினாள். மற்ற கம்பெனிகள் அவளைக் கூட்டிப் பெருக்கத்தான் கூப்பிட்டன. அப்போதுதான் வெல்டர் பீட்டர் போனை நீட்டினான்.

"இத்தப் பாருக்கா. பிளாண்ட் சயின்ஸுக்கு அவார்டு தராங்களாம். அவார்டு வாங்கின பிளாண்ட எவன் மூடுவான்?"

இருவரும் பஸ் பிடித்துத் திருவள்ளூர் போனார்கள். விருது கொடுக்கும் அறக்கட்டளையில் மிஞ்சியிருந்தவர் சுப்பராயன் ஒருவர்தான்.

"ஏம்மா, இது செடிகொடிக்குத் தர்றது. உங்களுது பேக்டரி."

"எங்களுது ரெண்டுந்தான் சார்" என்று சுகிர்தா டிபன் பாக்ஸைத் திறந்து ஓர் இலையைக் கவிழ்த்தாள். மேசை லேசாகக் கருகியது.

சுப்பராயன் பேனாவால் இலையைப் புரட்டினார். "சரிதான். ஆனா அந்த அவார்டையே நிறுத்திட்டாங்களே. பத்து வருசமா எவனும் புச்சா ஒண்ணும் மொளைக்க வைக்கலியாம்."

"இப்ப மொளச்சிக்கினு இருக்குதே சார்."

"நிறுத்தினது நிறுத்தினதுதான். ஷீல்டு செய்ற கடையே இப்ப பிரியாணிக் கடை."

"அப்ப பிரியாணியாச்சும் வாங்கிக் குடு சார்" என்றான் பீட்டர்.

மறுநாளே புகைபோக்கியை வெட்ட ஆட்கள் வந்தார்கள். இரும்பா மரமா என்று தெரியாததால் கேஸ் கட்டரும் கொண்டுவந்தார்கள், ரம்பமும் கொண்டுவந்தார்கள். வெட்டும்போது சாயாமல் பிடிக்க சுகிர்தாவைத்தான் கிரேனில் ஏறச் சொன்னார்கள். அவள் கொக்கியை இறக்கினாள். ரம்பம் பட்டதும் பட்டையிலிருந்து பால் வடிந்தது. தரையில் விழுந்து ஆறியதும் அது இரும்பாக இருந்தது. லேபில் சோதித்து முதல் தரம் என்றார்கள். முதலாளி ரம்பத்தை நிறுத்தச் சொன்னார். அதன்பின் ஆந்திராப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது அங்கே உலை கிடையாது, கரி கிடையாது. சுகிர்தாவின் கிரேன் பால் நிரம்பிய வாளிகளைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க அலைகிறது. மாசியில் இலை உதிர்ந்தால் பால் வற்றிவிடும். எல்லோருக்கும் வேலை நின்றுவிடும். அந்த மாதம் முழுக்க அவள் தினமும் கேட் வரை வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவாள். பங்குனியில் முதல் துளிர் தெரிந்ததும், மறுநாள் ஷிப்டு யார் யாருக்கென்று வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது.