ஒரே சுற்று

நகர்மன்றக் கூடத்துச் சுவரில் ஏழு அட்டைகள் தொங்கின. நகரத்தின் வியாபாரத்தை வளர்க்க அடுத்த ஐந்தாண்டில் எந்த வேலையை முதலில் எடுப்பது என்று உறுப்பினர்கள் பன்னிரண்டு பேரும் பொட்டு ஒட்டிச் சொல்ல வேண்டும். ஆளுக்கு மூன்று சிவப்புப் பொட்டு. மூன்றையும் ஒரே அட்டையில் ஒட்டினாலும் சரி.

"ஒரே சுத்துதான். அப்புறம் மாத்த முடியாது," என்றார் புதிதாக வந்திருந்த ஆணையர்.

நாங்கள் சிரித்துக்கொண்டோம். பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். 'ஒரே விலை' என்று பலகை மாட்டிய கல்லாவுக்குக் கீழே தவழ்ந்தவர்கள். அந்தப் பலகையை எங்கள் வீட்டில் நிஜமென்று நம்பியது என் அக்கா ஒருத்திதான். தன் தையல் கடையில் அவள் சொன்ன கூலி சொன்னதுதான். எனக்கும்கூடக் குறைத்ததில்லை.

எனக்கு வேண்டியது நாலாவது அட்டை, சந்தைத் தெரு வடிகால். மழை பெய்தால் அக்கா கடைக்குள் முழங்கால் தண்ணீர். போன மழையில் தைத்து அடுக்கிய பள்ளிச் சீருடை நாற்பது ஜோடி சேற்றில் நாறிப்போயின.

காலையிலேயே சொல்லிவிட்டாள். "தம்பி, இந்தத் தடவையும் வடிகால் வரலைன்னா கடையைக் காலி பண்ணிடுவேன். வாயைத் தொறந்து கேளு. உன் சாமர்த்தியத்தை வேற எங்கயாவது காட்டு."

கேட்டிருக்கலாம். ஆனால் பிடித்த துணியை முதலில் தொட்டுக் காட்டிவிட்டு எவன் மலிவாக வாங்கியிருக்கிறான்? வடிகாலில் ஒட்டினால் பக்கத்து நாற்காலி இரும்புக்கடை அண்ணன் மோப்பம் பிடித்துவிடுவார். வடிகாலுக்கு ஒத்துக்கொள்ள, தன் லாரி நிறுத்த அட்டைக்கு நான் கை தூக்கினால்தான் ஆச்சு என்பார். ஆகவே எழுந்துபோய், சந்தை முகப்பில் வண்ண விளக்கு நீரூற்று என்ற ஏழாவது அட்டையில் மூன்றையும் ஒட்டினேன். இரண்டாம் சுற்றில் பெருமூச்சோடு அதை விட்டுக்கொடுத்து வடிகாலைக் கேட்பதாகத் திட்டம்.

பின்னாலேயே வந்த இரும்புக்கடை அண்ணனும் மூன்றையும் அதில்தான் ஒட்டினார்.

"அழகா இருக்கும்ல?" என்றார், முகத்தில் ஒரு சலனம் இல்லாமல்.

"ஊருக்கே களை வந்துடும்ணே."

மூன்று மணி நேரக் கூட்டத்தில் எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. இல்லாவிட்டால் ஐந்தாவது ஆளும் நீரூற்றுக்கே போனபோதே உறைத்திருக்கும். கடை வீட்டில் பிறக்காத ஒரே உறுப்பினரான டீச்சர் மட்டும் யாரையும் பார்க்காமல் மூன்று பொட்டையும் வடிகாலில் ஒட்டிவிட்டு உட்கார்ந்தார்.

நீரூற்றுக்கு முப்பத்தொன்று. வடிகாலுக்கு மூன்று. மீதி இரண்டு எங்கோ சிதறிக் கிடந்தன.

"சரி, இப்ப பேசலாமா?" இரும்புக்கடை அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார்.

"எதைப் பத்தி?" என்றார் ஆணையர்.

"ரெண்டாவது சுத்து."

"ஒரே சுத்துன்னு சொன்னேனே."

"சொன்னீங்க. அதை யாருங்க நம்புவா?"

ஆணையர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "அப்போ நீரூற்று யாருக்கும் வேண்டாமா? வேண்டாதவங்க சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

வேண்டாம் என்றால், பின்னே எது வேண்டும் என்பார். முதலில் அதைச் சொல்பவன் மாட்டினான். பதினோரு பேரும் கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டு ஆணையர் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் கடைக்குப் போனபோது அக்கா துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். சேதி அதற்குள் வந்திருந்தது.

"வடிகாலுக்கு எத்தனை?"

"மூணு."

அவள் முகம் கொஞ்சம் இளகியது. "மூணும் உன்னோடதா?"

ஆமாம் என்றால் நம்பியிருப்பாள்.

"டீச்சரோடதுக்கா."

"உன்னோடது?"

"நீரூற்று."

மெஷினிலிருந்து நூலை உருவி, கண்டில் சுற்றினாள். "இங்க தண்ணி இல்லைன்னு யாருடா உங்ககிட்ட அழுதா? அந்தப் பக்கம் பிடி."

பிடித்தேன். மெஷின் கனத்தது. "அக்கா, அவசரப்படாத. ஒரு மாசம் பொறு, நான் ஆணையரைத் தனியா பார்த்து... மாசம் வேண்டாம், ஒரு வாரம்..."

"பேரம் பேசாத. தூக்கு."