கேக்குதா

விடுமுறையில் வந்து இறங்கிய அன்று, மகன் கௌதம்ராஜ் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு உள்ளே ஓடிப்போய் அம்மாவின் செல்போனை எடுத்துவந்து என் முகத்துக்கு நேராக நீட்டினான். மூன்று வயது. அவன் அறிந்த அப்பா உள்ளங்கை அகலம்தான் இருப்பார். பாதிப் பேச்சில் உறைந்துபோவார். லுங்கி கட்டிய ஆறடி ஆள்மேல் அவனுக்குச் சந்தேகம். நீ முதலில் இதற்குள் போ, பிறகு பார்க்கலாம் என்பதுபோல் நின்றான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. யாரிடமும் திறப்பதில்லை. வேண்டியதை விரலால் காட்டுவான். என் மனைவி கல்பனா எடுத்துக் கொடுத்துவிடுவாள்.

அதற்கான காரணத்தையும் அவளே கண்டுபிடித்து வைத்திருந்தாள். அவள்தான் காரணமாம். அவன் வயிற்றில் இருந்தபோது எல்லையில் பதற்றம் என்று டிவியில் ஓயாமல் ஓடியது. சேத்தூரில் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. வயிற்றைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறி, "கேக்குதா? ஏங்க, கேக்குதா?" என்று கத்துவாள். எனக்குக் கேட்கும். என் பதில் அவளுக்குப் போய்ச் சேராது. இன்றைக்கும் அதே கதைதான், இப்போது அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறுகிறாள். என் வீரத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும்: ராணுவத்தில் நான் சமையல்காரன். அவள் குண்டுகளை நினைத்து அழுத நேரத்தில் நான் முகாமில் மூட்டை மூட்டையாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஆக, இருவரும் சேர்ந்தேதான் அழுதிருக்கிறோம். இதைச் சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"என் பயந்தான் உள்ள போயி அவன் பேச்ச தின்னுருச்சு," என்றாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்துப் பக்கம், கேத்ரின் என்பவர் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறார். அழைத்துப் போனோம். காது நன்றாகக் கேட்கிறது, சொல்வதெல்லாம் புரிகிறது, பேச்சுதான் தாமதம் என்றார். கல்பனா தான் கேட்க வந்ததை மட்டும் கேட்கவில்லை. கிளம்பும்போது, ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டாள்.

கேத்ரின் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வயித்துல பிள்ளை இருக்கையில ரொம்ப மனக்கஷ்டம்னா பேச்சு கொஞ்சம் பிந்தலாம்னு ஆராய்ச்சில சொல்றாங்கம்மா. எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஆகுறதில்ல. இவனுக்கு அதான் காரணம்னு யாரும் சொல்ல முடியாது. நீங்க பயந்தது தப்பும் இல்ல. இனிமே பேசுறதும், அவன் பேச எடம் விடுறதும் நம்ம கையில இருக்கு." பிறகு என்னைப் பார்த்தார். "அண்ணே, நீங்க ஒண்ணு சொல்லிட்டு வாய மூடிக்கிட்டு காத்திருங்க. பொறவு அவன் முறை."

செத்த நேரத்தில் ஆளை அளந்துவிட்டார்.

பேருந்து நிலையத்தில் பயிற்சியை ஆரம்பித்தேன். பால்கோவாவை வாங்கி வைத்துக்கொண்டு, "என்னலே வேணும்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவன் விரலை நீட்டினான். நான் அசையவில்லை. அவனும் அசையவில்லை. கடைசியில் கொடுத்துவிட்டேன். பின்வாங்குவது எங்கள் படையிலும் உண்டு.

பேருந்து ராஜபாளையம் தாண்டியதும் கல்பனாவின் பையைத் துழாவி போனை எடுத்தான். சார்ஜ் தீர்ந்து இருட்டாகிக் கிடந்தது. வழக்கம்போல என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"அப்பாதான் பக்கத்துலயே இருக்காகல்ல..." என்று தொடங்கினாள் கல்பனா. நான் அவள் கையை அமுக்கினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்ததில்லை.

அவன் போனைத் தன் காதில் வைத்தான். கழுத்தை நீட்டி, மொட்டை மாடியில் நிற்பவளைப் போல முகத்தை வானத்துக்கு உயர்த்தினான்.

"கேக்கா?" என்றான்.

கல்பனா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயமும் பக்கத்தில் இல்லை, பழி போட.

"கேக்குதுலே," என்றேன். "நல்லா கேக்குது. சொல்லு."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே மலை கூடவே வந்தது. அவன் இருட்டுப் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டு, உதட்டைக் குவித்தான்.