பாலத்தில் விழுந்த முக்காடு

போர் முடிந்துவிட்டதாகத் தலைநகர் துஷான்பே வானொலி சொல்லி ஐந்து நாட்கள் ஆகியிருந்தன. கைதிகளை மாற்றிக்கொள்ள, கிங்கோப் ஆற்றுப் பாலத்தின் ஒரு முனையில் அரசுப் படையும் மறுமுனையில் எங்கள் மலைப்படையும் நின்றன.

சனவ்பரின் கணவன் நஸ்ருல்லோ அரசுப் படையை விட்டு ஓடி வந்தவன். அவள் உண்டாகியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் பனியில் இரண்டு கணவாய்களைத் தாண்டி வந்துவிட்டான். எங்கள் தளபதி சஃபராலி அவளுடைய அண்ணன். தங்கை கணவனை அவன் சமையலில் வைத்துக்கொண்டான்.

"எங்க துப்பாக்கியைத் தூக்கிட்டு வந்து உங்க கஞ்சியைக் கிண்டுறானா?" என்று சிரித்தான் அரசுப் படையின் லெப்டினன்ட் ஹொலிக். நஸ்ருல்லோவை ஒப்படைத்தால்தான் எங்கள் கைதிகளை விடுவேன் என்றான். ஒப்பந்தத்தில் ஓடி வந்தவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்று சஃபராலி மறுத்தான். ஹொலிக் துப்பாக்கிக் கட்டையால் முதல் கைதியின் வாயில் இடித்தான்.

"எல்லாப் பல்லையும் உதுக்கட்டுமா, மாப்பிள்ளைய அனுப்புறீங்களா?"

இருபுறமும் துப்பாக்கிகள் உயர்ந்தன. அப்போதுதான் எட்டு மாத வயிற்றோடு சனவ்பர் பாலத்தின் நடுவே வந்து, தன் முக்காட்டை அவிழ்த்துத் தரையில் போட்டாள். ஒரு பெண்ணின் முக்காடு தரையில் கிடக்கும்வரை எங்கள் ஆண்கள் அடித்துக்கொள்ள மாட்டார்கள். ஹொலிக்கையும் அப்படிச் சொல்லித்தான் வளர்த்திருந்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே கைதிகளின் கைகளைக் கட்டியிருந்த கம்பியை அறுக்கச் சொன்னான்.

இரண்டு பேரின் கட்டு அவிழ்ந்திருந்தது. எங்கள் கரையிலிருந்த மாவுமில்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்த நஸ்ருல்லோவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. இத்தனை ஆண்கள் முன்னால் அவள் வெறுந்தலையோடு நிற்கிறாளே என்று ஓடி வந்தான். முக்காட்டை எடுத்துத் தூசி தட்டினான்.

"தலையை மூடிக்க, சனவ்பர். எல்லாரும் பாக்குறாங்க."

"கீழ போடுங்க," என்றாள் அவள். "ஐயோ, கீழ போடுங்க."

முதலில் சுட்டது யாரென்று இன்றுவரை தெரியாது. நஸ்ருல்லோ அவளை மறைத்து நின்றான். மூன்று குண்டுகள் அவன் முதுகில் பாய்ந்தன. கட்டு அவிழாத கைதிகளால் கையை ஊன்றி விழக்கூட முடியவில்லை. ஹொலிக் சரிந்த குடலைப் பிடித்தபடி கைப்பிடிக் கட்டையில் சாய்ந்து உட்கார்ந்து, அப்படியே செத்தான். பலகை இடுக்குகள் வழியே ரத்தம் ஆற்றில் சொட்டியது.

துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்ததும் சஃபராலி நஸ்ருல்லோவின் கால்களைத் தூக்க வந்தான். எங்கள் வீரர்களோடு சேர்த்துப் புதைக்கலாம் என்றான்.

"தொடாத அண்ணா," என்றாள் சனவ்பர். "இவர் எந்தப் படையும் இல்ல. என் வீட்டுக்காரர்."

கணவனின் அக்குளில் கைகளைக் கொடுத்து, வீட்டுப் பக்கமாகத் தானே இழுக்கத் தொடங்கினாள்.