லாப்போ கடைசியாகப் பார்த்த படம்

தூக்குமேடைக்குப் போகிறவன் கண்ணில் ஆண்டவரின் படத்தைத் தவிர வேறெதுவும் படக்கூடாது. ஃபிளாரன்ஸில் அதைப் பார்த்துக்கொள்ளும் கறுப்பு முக்காட்டுச் சபையில், துணிக்குச் சாயம் போடும் நோஃப்ரி அண்மையில்தான் சேர்ந்திருந்தார். அந்தப் படத்தைக் கையில் ஏந்தும் பொறுப்பு அன்றுதான் முதன்முறையாக அவருக்கு வந்தது.

கைப்பிடி வைத்த சின்னப் பலகை. அதில் சிலுவையில் தொங்கும் இயேசு. அதை, அன்று தூக்கிலேற இருந்த லாப்போவின் முகத்தருகே பிடித்தபடி ஒட்டி நடந்தார். படம் விலகினால் இவன் கயிற்றைப் பார்ப்பான், பயத்தில் எதையாவது சபித்து ஆன்மாவையும் இழப்பான். நோஃப்ரியின் உள்ளங்கை வியர்த்து வழுக்கியது.

"அண்ணே, ரொட்டிக்கடை முக்குல நிக்கிறேன்னு எம்பொண்டாட்டி சொல்லியிருந்தா. நிக்கிறாளா?"

நோஃப்ரி பார்த்தார். அங்கே சேவகர்கள் கூட்டத்தை நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் யாரும் இல்லை.

"படத்தப் பாருப்பா. செபத்தச் சொல்லு."

"சொல்றேன். அவ நிக்கிறாளான்னு சொல்லுங்க, இல்லேன்னா படத்தக் கொஞ்சம் இறக்குங்க, நானே பாத்துக்கிறேன்."

ஆண்டவரைக் கையில் பிடித்துக்கொண்டே பொய் சொல்வதா?

"நிக்கிறாப்பா. உன்னயேதான் பாக்குறா."

"அழுவுறாளா?"

"இல்ல. தைரியமா நிக்கிறா."

"அவ அப்படி நிக்கிற ஆளில்லையே," என்று லாப்போ லேசாகச் சிரித்தான். படத்திலிருந்த பாதங்களை முத்தமிட்டான். முரண்டு பிடிக்காமல் ஏணியில் ஏறினான். பக்கத்து ஏணியில் ஏறிய நோஃப்ரி, எல்லாம் முடியும்வரை படத்தை இறக்கவில்லை.

கூட்டம் கலைந்தபின், கை கிழிந்த சட்டையோடு ஒருத்தி ஓடிவந்து பலகையைப் பற்றினாள்.

"இதப் பிடிச்சிருந்தது நீங்கதானே? கடை முக்குலேர்ந்து தள்ளிட்டானுங்க. கிணத்துப் பக்கம் நின்னு கத்துனேன். அவரு என்னப் பாத்தாரா?"

நோஃப்ரி திரும்பிப் பார்த்தார். கிணறு படத்துக்கு நேர் பின்னால் இருந்தது. கொஞ்சம் இறக்கியிருந்தால் பார்த்திருப்பான்.

"பாக்கலம்மா. நீ நிக்கிறேன்னு நான்தான் சொன்னேன்."

"அப்ப நீங்க பாத்தீங்களா என்ன?"

அவள் பலகையைத் தன் முகத்தருகே இழுத்தாள்.

"இதத்தான் பாத்துட்டிருந்தாரா?"

"ஆமாம்மா."

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். சபையார் போய்விட்டார்கள். நோஃப்ரிக்குக் கை கடுத்தது. ஆனாலும் அவளாக விடும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்.