மேனேஜரம்மாவுக்கு ஒரு துணை

“ஒரு கழுதை போதாதுன்னு ரெண்டாவதும் கொண்டாந்து நிறுத்தினியே, இப்ப ஆட்டுக்குட்டி எங்கக்கா?”

தம்பியின் குரல் வேலியைத் தாண்டி, சாலையைத் தாண்டி, எதிர்வீட்டுத் தையல்காரியின் ஜன்னலுக்குள் போய் விழுந்தது. அவள் மிஷினை நிறுத்தினாள். நூல் அறுந்துவிட்டதாகப் பிறகு எல்லாரிடமும் சொன்னாள். அந்தத் தெருவில் யார் வீட்டில் சண்டை வந்தாலும் அவளுக்கு நூல் அறுந்துவிடும்.

“நான் கொண்டாரல. குடுத்தாங்க,” என்றாள் ஆட்டுக்கார அக்கா.

“யார் குடுத்தாங்கன்னு ஊருக்கே தெரியும். நான் அதைக் கேக்கல. குட்டியைக் கேக்கறேன்.”

குட்டி என்று சொல்ல மிச்சமிருந்தது ஒரு காதும் கொஞ்சம் ரோமமும்தான். வாய்க்கால் ஓரத்தில் பொறுக்கி எடுத்து ஒரு சாக்கில் சுருட்டி வைத்திருந்தாள். நரி வேலை. ஒரு மாதத்துக்குள் இது இரண்டாவது.

தம்பி பேசிக்கொண்டே போனான். அப்பா விட்டுப்போன நிலம் இருவருக்கும் பொதுவாம். ஆடுகளை விற்றுவிட்டால் மொத்தத்தையும் குத்தகைக்கு விட்டுவிடலாமாம். அக்கா தன் வீட்டுக்கே வந்துவிடலாமாம்; மாடியறை காலியாகத்தான் இருக்கிறதாம்; பிள்ளைகள் அத்தை அத்தை என்று ஏங்குகிறார்களாம். ஏக்கம் அத்தைமேலா, அத்தை வந்தால் துவைப்பதும் சமைப்பதும் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புவதும் தானாக நடந்துவிடும் என்பதன்மேலா என்று அவன் மனைவியைத்தான் கேட்க வேண்டும். கணவன் வீட்டிலிருந்து பெட்டியோடு திரும்பி வந்த புதிதில் அக்கா அந்த மாடியறையில் ஒரு வருஷம் இருந்து பார்த்தவள். காலையில் முதலில் எழுவதும் ராத்திரி கடைசியாகச் சாப்பிடுவதும் அவள்தான். அதற்குப் பிறகுதான் வளையலை விற்று ஆடு வாங்கினாள்.

அந்த வருஷம் ஞாபகத்துக்கு வந்ததாலோ என்னவோ, அவள் வாயிலிருந்து அது வந்துவிட்டது. “இன்னும் ஒரு குட்டி போகட்டும். நானே எல்லாத்தையும் வித்துட்டு வந்துடறேன். போதுமா?”

“போதும்,” என்றான் தம்பி. எதிர்வீட்டில் மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

கழுதை விவகாரம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடலாம். நரிக்கு அக்கா செய்து பார்க்காத வைத்தியம் இல்லை. விளக்குப் போட்டாள், நரிக்கு வழி தெரிந்தது. கொட்டகையில் ரேடியோவைப் பாட விட்டாள். நரி பாட்டுக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டது. கடைசியில் கால்நடை மருத்துவர், கழுதைக்கு நாய் சாதியையே பிடிக்காது, நரியும் அதில் சேர்த்தி, ஒன்றைப் பிடித்து மந்தையில் விடு என்றார். செங்கல் சூளையிலிருந்து ஒரு பெட்டைக் கழுதை வந்தது. வேலை எதுவும் செய்யாமல் நடுவில் நின்று எல்லாரையும் மேற்பார்வை பார்த்து, பிடிக்காதது கண்ணில் பட்டால் கத்து கத்தென்று கத்தியதால் தெரு அதற்கு மேனேஜரம்மா என்று பெயர் வைத்தது. தூக்கம் கெட்டது என்று திட்டாதவர் இல்லை. ஆனால் ஒரு குட்டிகூடப் போகவில்லை.

அப்புறம்தான் தீவன லாரிக்காரர் இரக்கப்பட்டார். மூட்டை இறக்க ஆகும் நேரத்தைப்போல் மூன்று மடங்கு நேரம் அந்த வாசலில் நிற்கும் மனிதர். கல்யாணமாகாதவர், நல்லவர், சிரித்தால் அழகாக இருப்பார். ஒருநாள் மூட்டைகளுக்கு நடுவே ஓர் ஆண் கழுதையையும் இறக்கினார். மேனேஜரம்மா ஒத்தையில் நிற்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது என்றார். கழுத்தில் சிவப்புக் கயிறெல்லாம் கட்டியிருந்தார். அக்கா அன்று வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள் என்பது தையல்காரியின் தகவல்.

சண்டை நடந்த மறுநாள் அக்கா கொட்டகை வாசலில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். கழுதைகள் இரண்டும் வீட்டுப் பக்கத்து மரத்தடியில், ஒன்றின் தலை மற்றதன் வாலுக்கு நேராக நின்றுகொண்டு, ஒன்றின் முகத்து ஈயை மற்றது வாலால் விரட்டிக்கொண்டிருந்தன. ஆடுகள் மேய்ந்தபடி சரிவில் இறங்கின. மேனேஜரம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்பெல்லாம் ஆடு போகும் இடத்துக்கெல்லாம் கூடவே போகும். ஆடுகளுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில்தான் நிற்கும். வேறு நாதி இல்லாததால் ஆட்டையே சொந்தமாக நினைத்திருந்தது. சொந்த இனத்தில் ஓர் ஆள் கிடைத்ததும் ஆடுகளைக் கைகழுவிவிட்டது. இரண்டு குட்டியும் போனது சிவப்புக் கயிறு வந்த பிறகுதான்.

அக்கா வாளியைவிட்டு எழுந்தாள். லாரிக்காரரிடம் எப்படிச் சொல்வது? உங்கள் கழுதை வேண்டாம் என்றால், கழுதை மட்டும்தான் வேண்டாம் என்று எந்த ஆம்பளைக்குப் புரியும்? அடுத்த லோடு வரும்போது பக்குவமாகப் பேசிக்கொள்ளலாம் என்று, ஆண் கழுதையைப் பிரித்து வீட்டின் பின்பக்கம் கட்டிவைத்தாள்.

அதுதான் வினையாகப் போயிற்று. அது அங்கிருந்து கத்த, இது இங்கிருந்து பதில் கத்த, தெரு காதைப் பொத்திக்கொண்டது. மேனேஜரம்மா வீட்டோரத்து வேலியைவிட்டு அசையவே இல்லை. அரைகுறையாகவாவது ஆடுகள் பக்கம் திரும்பியிருந்த கண்ணும் போயிற்று.

அன்று சாயங்காலம் தூறல். ஆடுகளைக் கொட்டகையில் அடைக்கும்போது சினையாடு கறுப்பியைக் காணவில்லை. அவள் ஈன்றெடுக்க இன்னும் ஒரு வாரமாவது ஆகும் என்று அக்கா நினைத்திருந்தாள். ஈனப்போகிற ஆடு தனியிடம் தேடிப் போகும். அக்கா கம்பை எடுத்துக்கொண்டு சரிவில் ஓடினாள்.

வாய்க்கால் கரைப் புதரடியில் கறுப்பி படுத்து முக்கிக்கொண்டிருந்தாள். முன்னங்கால் குளம்புகள் வெளியே தெரிந்தன. கொஞ்ச தூரத்தில் ஒரு நரி, பந்திக்கு இடம் பிடித்ததுபோல் உட்கார்ந்திருந்தது. அக்கா கம்பை ஓங்கினாள். அது எழுந்து சற்றுத் தள்ளிப்போய் மறுபடி உட்கார்ந்தது. விரட்டிக்கொண்டு போயிருப்பாள், பின்னால் சருகு நொறுங்கிய சத்தம் கேட்டு நின்றுவிட்டாள். இன்னொன்று இருந்தது. ஒன்று முகத்தைக் காட்டி ஆளை இழுக்கும், மற்றது பின்பக்கமாக வரும். ஆட்டைத் தூக்கவும் முடியாது, விட்டுப் போகவும் முடியாது. வெளிச்சம் வேறு குறைந்துகொண்டே வந்தது.

மேலே லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கழுதைகள் இரண்டும் உச்சத்தில் கத்திக்கொண்டிருந்தன. யார் இதைக் கட்டிப்போட்டது என்று லாரிக்காரர் சத்தம் போடுவதும், அவிழ்க்கப் போவதும் அவளுக்குத் தெரிந்தது.

“அவிழ்க்காதீங்க,” என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். “நரி நிக்குது. அந்தக் கழுதையை வண்டில ஏத்துங்க.”

அவர் சரிவின் விளிம்புக்கு ஓடிவந்தார். “நரியா? இருங்க, இதோ வரேன்.”

அவர் வந்தால் நரி ஓடிவிடும். அது அக்காவுக்குத் தெரியும். அவர் போன பிறகு திரும்பி வரும். நாளைக்கு வரும், அதற்கு மறுநாளும் வரும். எத்தனை நாளைக்கு அவர் ஓடிவருவார்? அந்தக் கழுதை இங்கே இருக்கும்வரை இந்த வாய்க்கால் நரியுடையதுதான்.

“நீங்க வர வேணாம்,” என்றாள். “அதைக் கொண்டு போயிடுங்க. திருப்பிக் கொண்டு வராதீங்க.”

எதிர்வீட்டு மிஷின் நின்றிருந்தது. லாரிக்காரர் விளிம்பிலிருந்து திரும்பிப் போனார். பலகை இழுக்கும் சத்தம், குளம்புகள் மரத்தில் ஏறும் சத்தம், கதவு அறையும் சத்தம். லாரி கிளம்பியது. கத்தல் சாலையோடு நீண்டு, தேய்ந்து, இல்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகு வந்த அமைதிதான் மோசம். முன்னால் இருந்த நரி எழுந்து நாலடி கிட்ட வந்தது. பின்னால் மறுபடி சருகு. அக்கா கறுப்பியின்மேல் காலை அகட்டி நின்றுகொண்டு கம்பை இரு பக்கமும் சுழற்றினாள். குட்டியின் மூக்கு வெளியே வந்துவிட்டது. தப்புக் கணக்குப் போட்டு வந்த ஆளையும் விரட்டிவிட்டோமோ என்று தோன்றியது. மேலே மேனேஜரம்மா லாரி போன கேட்டையே பார்த்தபடி மரம்போல் நின்றாள். ஒருமுறை கத்திப் பார்த்தாள். பதில் வரவில்லை. இன்னொரு முறை. அப்புறம் மெதுவாகத் தலையைத் திருப்பினாள். காதுகள் விறைத்தன.

அவள் இறங்கி வந்த வேகத்தில் ஈரமண் தெறித்தது. கழுத்தை நீட்டி, பல்லைக் காட்டி, அக்காவையே இடித்துத் தள்ளிவிட்டுப் புதருக்குள் பாய்ந்தாள். பின்னங்கால் எதன்மேலோ பட்ட சத்தமும் ஓர் ஊளையும் கேட்டன. முன்னால் இருந்தது எப்போது போனது என்று அக்கா பார்க்கவில்லை. அவள் மண்டியிட்டுக் குட்டியை இழுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தம்பி வந்து குட்டியைத் தூக்கிப் பார்த்தான். எடை பார்ப்பவன்போல ஆட்டிப் பார்த்து இறக்கிவிட்டான். அந்த வருஷம் குட்டி எதுவும் அதன்பின் போகவில்லை. குத்தகைப் பேச்சும் போயிற்று. மாடியறைக்கு அவன் மாமியாரை வரவழைத்துக்கொண்டான்.

தீவனம் வேறொரு டிரைவரிடம் வர ஆரம்பித்தது. லாரிக்காரரிடம் விஷயத்தை எடுத்துச் சொல்லச் சொல்லி அக்கா தையல்காரியை அனுப்பினாள். கழுதைதான் காரணம், மனுஷன் இல்லை என்று சொல்ல வேண்டியது அவ்வளவுதான். அதைச் சொல்லத் தையல்காரிக்கு நாலைந்து தடவை போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தைத்த உடுப்பு. அவருக்கு இன்னும் மனசு ஆறவில்லை என்று திரும்பி வந்து சொல்வாள். எப்படி ஆற்றினாளோ, அறுவடைக்கு முன்பே இருவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. லாரி ஷெட் இருக்கும் ஊருக்கே குடிபோனார்கள்.

மிஷினை லாரியில் ஏற்றும்போது ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்தது ஆட்டுக்கார அக்காதான். பார்த்துப் போங்க என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, ஆடு அடைக்க நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டாள்.