கலர்க்காரர் காய்ச்சிய மஞ்சள் பால்

பெயிண்ட் கடையில் நிறம் கலக்குகிறவருக்குத் தெருவே வைத்த பெயர் கலர்க்காரர். சுவரில் ஒரு சில்லைப் பெயர்த்துக் கொடுத்தால் போதும், அதே நிறத்தை டப்பாவில் அடைத்துத் தந்துவிடுவார். அடுப்படி என்று வந்தால் மட்டும் மனுஷன் சுத்த சூன்யம். வெந்நீர் வைக்கச் சொன்னாலும் பாத்திரத்தைக் கருக்குவார் என்று அவர் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் மூட்டுவலியால் மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுத அன்றுதான் அவர் முதன்முதலாக அடுப்பைப் பற்ற வைத்தார். மகள் போனில் அனுப்பிய வீடியோவில் பக்குவம் இருந்தது. சூடான பாலில் கால் ஸ்பூன் மஞ்சள்தூள், ஒரு சிட்டிகை மிளகுத்தூள். மிளகு சேர்ந்தால்தான் மஞ்சள் உடம்பில் பிடிக்குமாம். குடிக்கக் குடிக்க வலி கொஞ்சம் குறைந்தது. மனுஷன் விடுவாரா? காலையிலும் பால், ராத்திரியிலும் பால், ஸ்பூன் குவியக் குவிய மஞ்சள். போதாக்குறைக்கு மருந்துக்கடையில் மஞ்சள் மாத்திரையும் வாங்கி வந்தார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று அவரும் கேட்டவர்தான். அது யாரோ சாப்பாட்டு ராமனுக்குச் சொன்னது என்று நினைத்துவிட்டார், பாவி மனுஷன்.

அவள் முகம் மஞ்சளித்தபோதுகூட, மருந்து உள்ளே பிடித்துவிட்டது என்று பெருமைப்பட்டார். ஒரு மத்தியானம் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தவளை வாசல் வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய கண்ணும் மஞ்சளாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவரை வராந்தாவுக்கு அழைத்துப் போய்ச் சொன்னார். மஞ்சள்தான் கல்லீரலைக் கெடுத்திருக்கிறது. எல்லோருக்கும் இப்படி ஆகாது, சிலருக்கு ஆகிவிடும். இனி வேறு வைத்தியம் உண்டா என்று கலர்க்காரர் கேட்டார். மஞ்சளை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார் டாக்டரம்மா.

"பிழைச்சிருவாளா?"

"இப்ப எதையும் சொல்ல முடியாதுங்க. மஞ்சளால வந்ததுன்னு நீங்களே அவங்ககிட்ட பக்குவமா சொல்லிடுங்க."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வார்டுக்குள் போனார். அவள் பக்கத்துப் படுக்கைக்காரியிடம் ஈனசுரத்தில் பேசிக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர்கூட மொண்டு தராதவர் எனக்காகப் பால் காய்ச்சக் கற்றுக்கொண்டார் என்று அவள் சொல்வது அவர் காதில் விழுந்தது. கால் அங்கேயே நின்றுவிட்டது.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"வெறுங்கையோடவா வந்தீங்க? உங்க கையால அந்த மஞ்சப் பாலை ரெண்டு வேளை குடிச்சா எந்திரிச்சிருவேன். நாளைக்காவது கொண்டாங்க."

"கொண்டு வர்றேன்" என்றார்.